ஸ்விர்ல் ஃப்ளாப் (டீசல் இன்ஜினுக்குக் காத்து போற வழியில திறந்து மூடுற சின்னத் தகடு) உடைஞ்சு இன்ஜினுக்குள்ள போனது யாருக்காவது நடந்திருக்கா?

நெடுவழி:
ரெண்டாவது ஸ்க்ரூ எங்கே போச்சுங்கிறது இன்னும் மண்டையைக் குடையுது. அதான் எழுதுறேன்.

ஆறு சிலிண்டர் டீசல். மேனிஃபோல்டு, அதாவது காத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு விடுற குழாய், வண்டியோட வந்ததுதான், யாரும் கை வச்சதில்லை. ஒரு லாரியை முந்தறதுக்கு மிதிச்சேன். முன்னாடி 'டிங்'னு ஒரே ஒரு சத்தம். தட்டல் உடனே ஆரம்பிச்சிடுச்சு, வண்டி உதறுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி விளக்கும் எரியலை, இழுவையும் குறையலை.

ஹெட்டை இறக்கினப்போ பக்கத்துலயே நின்னேன். மூணாவது பிஸ்டன் தலையில, ஃப்ளாப்பை ஸ்பிண்டிலோட (அது திரும்புற கம்பி) பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ பாதி புதைஞ்சு கிடந்தது. தலை நசுங்கிடுச்சு, ஆனா மரை தெரியுது. அதைச் சுத்தி பிஸ்டன் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. மெக்கானிக் குறடால பிடிச்சு அசைச்சு அசைச்சு எடுத்து என் உள்ளங்கையில வச்சார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இதுவா ஒரு இன்ஜினையே சாய்ச்சுதுன்னு பார்த்துட்டே நின்னேன்.

ஒரு ஃப்ளாப்புக்கு ரெண்டு ஸ்க்ரூ. தகடு துண்டு துண்டா கிடைச்சுது. இன்னொரு ஸ்க்ரூவைக் காணோம். "எக்ஸாஸ்ட்ல போயிருக்கும் சார்"னு சொல்லி மாட்டப் பார்த்தாங்க. நான் ஒத்துக்கலை, வண்டி பிரிச்சபடியே நிக்குது. இப்படித் தேடினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எங்கே கிடைச்சுது?

கரிப்படலம்:
எனக்கு உடையலை, கழன்றது. நாலு சிலிண்டர் டீசல். கீழ் ஆர்பிஎம்ல வண்டி செத்தது போலக் கிடக்கும், 2000 தாண்டினா திடீர்னு உயிர் வரும். டர்போதான்னு ஒருத்தர் சொன்னார். ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு)னு இன்னொருத்தர் சொல்லி அதையும் மாத்தியாச்சு. கடைசியில ஒரு பையன், வேலை கத்துக்கிட்டிருக்கிற பையன், டார்ச் அடிச்சுப் பார்த்து "அண்ணே, இந்தக் கம்பி எதுலயும் மாட்டாமத் தொங்குதே"ன்னான். எல்லா ஃப்ளாப்பையும் சேர்த்து இழுக்கிற லிங்க் ராடு! முனையில இருக்கிற பிளாஸ்டிக் குழி தேய்ஞ்சு, உருண்டையை விட்டுக் கழன்றிருக்கு. விரலால அமுக்கினான், டக்குனு மாட்டிக்கிச்சு. அன்னைக்கு வண்டி போன போக்கே வேற. ஒரு வாரத்துல திரும்பக் கழன்றது வேற கதை.

நெடுவழி சார், உங்க வண்டியில ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலையா? முன்னாடியே ஏதாவது ஃபால்ட் கோடு (கோளாறு எண்) வந்திருக்குமே?

பட்டறைக்காரன்:
கோடு வராது தம்பி. இதை எல்லாரும் புரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன். சென்சார் இருக்கிற வண்டியில அது பார்க்கிறது ஃப்ளாப்பைத் திருப்புற மோட்டாரோட, இல்லாட்டி லீவரோட நிலையை. ஃப்ளாப்பை இல்லை. ஸ்பிண்டில் நடுவுல முறிஞ்சு தகடு போயிட்டாலும் லீவர் ஒழுங்காத் திரும்பும், கம்ப்யூட்டர் எல்லாம் சரின்னு நினைச்சுக்கும். வேக்கூமில் இயங்குற பழைய வண்டிகள்ல அந்த சென்சாரே பல இடத்துல கிடையாது. பி2004, பி2006 எல்லாம் ஃப்ளாப் திறந்தபடியோ மூடினபடியோ சிக்கினா வர்ற கோடு. பி2015 வந்தா நிலை சென்சார் சொல்ற கணக்கு பொருந்தலைன்னு அர்த்தம்; ஃபோக்ஸ்வாகன் 2.0 டிடிஐ வச்சிருக்கிறவங்களுக்கு இந்த நம்பர் மனப்பாடம். உடையப்போற ஃப்ளாப்பைப் பத்தி எந்தக் கோடும் முன்கூட்டிச் சொல்லாது.

என் கையில வந்ததைச் சொல்லணும்னா, ஒரு வண்டி வேற வேலைக்கு வந்தது. மேனிஃபோல்டை இறக்கினா ஒரு ஸ்பிண்டில் மொட்டையா நிக்குது, தகடே இல்லை. வண்டி நல்லா ஓடிக்கிட்டுதான் வந்துச்சு. அவ்வளவுதான் என் கதை.

இப்போ செய்ய வேண்டியதைச் சொல்றேன், யாரும் கேட்கலைன்னாலும். பிஎம்டபிள்யூ எம்47, எம்57 டீசல் இன்ஜின் வச்சிருக்கிறவங்க முதல்ல உங்க மேனிஃபோல்டுல இருக்கிறது எந்த அளவுன்னு பாருங்க. 22 மில்லிமீட்டர், 33 மில்லிமீட்டர்னு ரெண்டு வகை உண்டு. அதுக்குத் தகுந்த அலுமினிய அடைப்பு ஓ-ரிங்கோட கிடைக்குது. ஃப்ளாப்பைக் கழற்றி அந்த ஓட்டையை மூடிட்டா உடையறதுக்கு உள்ளே ஒண்ணும் இருக்காது. மேனிஃபோல்டை இறக்கும்போதே கரியைச் சுரண்டி எடுங்க. ஈஜிஆர்ல வர்ற கரியும் கிராங்க்கேஸ் பிரீதர்ல (இன்ஜின் அடிப்பகுதி ஆவி வெளியேறுற வழி) வர்ற எண்ணெய் ஆவியும் சேர்ந்துதான் அந்தத் தார். ஸ்பிண்டிலை இறுக்குறது அதுதான். இறுகினதை மோட்டார் இழுக்க, காத்து அடிச்சு அதிர, புஷ் தேய்ஞ்சு ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் வந்தபின்னாடி மெல்லிசான கம்பி எவ்வளவு காலம் தாங்கும்? பிரீதர் ஃபில்டரையும் சேர்த்து மாத்திடுங்க. பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீங்க. போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போர்ட்டிலயும் விரல் விட்டுத் தடவிப் பாருங்க. துணியை உள்ளே விட்டுட்டு மாட்டினவங்களைப் பார்த்திருக்கேன்.

முறுக்குவிசை:
பட்டறைக்காரன் ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எல்லா வண்டிக்கும் "கழற்றி எறி" என்பதை ஏற்க முடியவில்லை. சிலிண்டருக்கு நாலு வால்வு இருக்கும் இன்ஜினில் காற்று வர இரண்டு வழி. மெதுவாக ஓடும்போது ஒன்றை மூடினால், மிச்சக் காற்று மற்றொன்றில் வேகமாகப் புகுந்து சிலிண்டருக்குள் சுழலும். பீய்ச்சப்படும் டீசல் அந்தச் சுழலில்தான் சரியாகக் கலக்கிறது. வேகம் கூடும்போது அதிகக் காற்று வேண்டும், இரண்டும் திறக்கும். ஃப்ளாப்பை எடுத்துவிட்டால் நகர நெரிசலில் ஓட்டும்போது கரி கூடும், அந்தக் கரி போய்ச் சேருமிடம் டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி. புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பாகத்தைக் கழற்றுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. எம்57ஐ வைத்து மற்ற இன்ஜின்களுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். எல்லா ஃப்ளாப்பும் ஸ்க்ரூ போட்ட இரும்புத் தகடு அல்ல.

என்னுடையது வி6 டீசல். ஃப்ளாப் மோட்டார் டர்போவுக்கு நேர் கீழே, இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் இருக்கிறது. டர்போவுக்குள் காற்று நுழையும் இடத்து ரப்பர் சீலில் எண்ணெய் கசிந்து, சொட்டுச் சொட்டாக அந்த மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. மேடேறும்போது லிம்ப் மோடு (கோளாறு கண்டு கம்ப்யூட்டர் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும் நிலை). பின்னால் பஸ், என்னால் வேகமெடுக்க முடியவில்லை. பிற்பாடு அந்த மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கியபோது எண்ணெய் வழிந்து என் மணிக்கட்டு வரை ஓடியது. ஒரு ரெசிஸ்டரைச் சொருகிக் கம்ப்யூட்டரை ஏமாற்றலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். சீலையும் மோட்டாரையும் மாற்றினேன், அதன்பின் தொந்தரவில்லை. சீலை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் அதே எண்ணெயில் குளிக்கும்.

பட்டறைக்காரன்:
சட்டம் பத்தி நீங்க சொல்றது சரிதான், உங்க ஊர்ச் சட்டம் என்னன்னு பார்த்துக்கிட்டுச் செய்ங்க. ஆனா பிஸ்டன் உடைஞ்ச வண்டியும் சும்மா புகை விடும் ஐயா. புது மேனிஃபோல்டு மாட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்டம் கண்ட பழைய ஃப்ளாப்போட ஓட்டாதீங்கங்கிறதுதான் என் பேச்சு.

தேன்கூடு:
அப்பா வண்டி. காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், வெள்ளைப் புகை. இன்ஜெக்டர்னு சொல்லி நாலையும் டெஸ்டுக்கு அனுப்பினாங்க, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அழுந்துற அழுத்தம்) பார்த்தாத்தான் தெரியும்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். ரெண்டாவது சிலிண்டர்ல பாதிகூட இல்லை. க்ளோ பிளக் (ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டரைச் சூடாக்குறது) ஓட்டை வழியா கேமராவை விட்டாங்க. திரையில முதல்ல வெறும் கறுப்பு, அப்புறம் பிஸ்டன் மேல ஏதோ மின்னுது. பிறை வடிவத்துல ஒரு தகட்டுத் துண்டு, ஓரம் எல்லாம் பளபளன்னு தேய்ஞ்சு. வால்வு வளைஞ்சு சீட்ல உட்காராம நின்னதுதான் கம்ப்ரஷன் போன காரணம். அப்பா அந்தத் திரையையே பார்த்துக்கிட்டு ஒண்ணும் பேசலை. அவர் எண்ணெய் மாத்துறதை ஒரு தடவைகூடத் தள்ளிப் போட்டதில்லை. பராமரிப்பு சரியில்லாதவங்களுக்குத்தான் இது வரும்னு யாராவது எழுதினா எனக்குக் கோபம் வரும், இப்பவே சொல்லிடுறேன்.

நெடுவழி அண்ணா, டர்போவைப் பார்த்தீங்களா? எங்களுக்கு டர்பைன் இறக்கை முனையில ரெண்டு இடத்துல கடிச்ச தடம் இருந்துச்சு. வெளியே போற துண்டு அந்த வழியாத்தான் போகணும்.

நெடுவழி:
தேன்கூடு சொன்னதுக்கப்புறம் டர்போவைக் கழற்றச் சொன்னேன். இறக்கை எல்லாம் சுத்தம், ஒரு கீறல்கூட இல்லை. அப்போ வெளியே போகலைன்னு ஆச்சு. கழற்றி மூலையில வச்சிருந்த மேனிஃபோல்டை நானே எடுத்துக் கரியைச் சுரண்டினேன். அஞ்சாவது சிலிண்டருக்குப் போற கிளையில, தார் மாதிரி அப்பின கரிக்குள்ள ஒட்டிக்கிட்டிருந்தது. முனை வளைஞ்சிருக்கு, அப்போ மூணாவதுல ஒரு அடி வாங்கிட்டுத்தான் திரும்ப வந்திருக்கு. இன்டேக் வால்வு திறந்த நேரத்துல மேனிஃபோல்டுக்குள்ளயே திருப்பி எறியப்பட்டிருக்கும்கிறார் மெக்கானிக். அப்படியே மாட்டியிருந்தா அஞ்சாவது பிஸ்டனும் போயிருக்கும். பழைய மேனிஃபோல்டைத் திரும்பப் போடுறதா இல்லை.

கரிப்படலம்:
அப்பாடா. கையில கிடைச்சுதே, அது போதும் சார்.

பட்டறைக்காரன்:
தம்பி, கிடைச்சதுல சந்தோஷம், ஆனா அதோட விட்றாதீங்க. தகட்டுத் துண்டுகளையெல்லாம் சேர்த்து வட்டமா அடுக்கிப் பாருங்க. எந்த இடத்துல இடைவெளி இருக்கோ அந்தத் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கு. மூணாவதுல ரெண்டு இன்டேக் வால்வையும் மாத்திடுங்க, வளைவு கண்ணுக்குத் தெரியலைன்னாலும். மத்த சிலிண்டர்களோட வால்வு சீட்டையும் பெட்ரோல் ஊத்திக் கசியுதான்னு பார்த்துட்டு அப்புறம் ஹெட்டை ஏத்தச் சொல்லுங்க.