கயிறு ஏற எங்கே பழகலாம்?

வணக்கம் மக்களே, நான் மேலூர் பக்கம். தங்கச்சி மகன் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தயாராகுறான். பத்தாவது பாஸ் போதும். பையன் டிகிரியே முடிச்சவன். உயரம் 170 செ.மீ. தேறிடுச்சு. மார்பு 81, மூச்சை இழுத்தா 5 கூடணும், அதுவும் சரி. 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடிடுறான். தமிழ்த் தகுதித்தேர்வுல 80க்கு 32 எடுக்கணும், அதுக்கும் பயமில்ல.

உடல்திறன் தேர்வுல கயிறு ஏறுறதுதான் வம்பு. பாதியிலேயே பிடி வழுக்கி, உள்ளங்கை உரிஞ்சு இறங்கிடுறான். கோச்சிங் சென்டர்ல கேக்குற காசு நமக்குக் கட்டுபடியாகாது. மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கமோ மேலூர்லயோ கயிறு கட்டிப் பழகுற பசங்க யாராச்சும் இருக்கீங்களா?

டிபார்ட்மென்ட் அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி. முதல்ல ஆயுதப்படை, பட்டாலியன் (சிறப்புக் காவல் படை)னுதானே போடுவாங்க? அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வர எத்தனை வருஷம் ஆகுது? அவங்கம்மா என்னடான்னா, உள்ளூர் ஸ்டேஷன்லயே உக்காரப் போறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது.