கொங்கிரீட் நிரப்பின குழாய்த் தூண்: மொடல் 1,300க்கு மேல ஏறவே மாட்டேங்குது

சரிவுத்தூண் (ஹட்டன்):
வணக்கம். கடைசி வருச புரொஜெக்ட். நம்ம பக்கம் ரோட்டு மட்டத்துல வாசல், பின்னால சரிவுல நெட்டைத் தூண் மேல நிக்கிற வீடுகள் எத்தனை! அந்தத் தூணுக்கு கொங்கிரீட் நிரப்பின உருக்குக் குழாய் சரிவருமான்னு பார்க்குறேன். முதல்ல அபாகஸ்ங்கிற கணினி மென்பொருள்ல குட்டைத் தூண் ஒன்னோட மொடல்: வெளிவிட்டம் 168.3 மி.மீ., தடிப்பு 5, நீளம் 500. உருக்கோட பலம் 275, கொங்கிரீட்டோடது 30 மெகாபாஸ்கல். யூரோகோட் 4 (உருக்கும் கொங்கிரீட்டும் சேர்ந்த கட்டமைப்புக்கான ஐரோப்பிய விதி) படி கையால போட்டா 1,638 கிலோநியூட்டன் (பாதுகாப்புக் காரணி சேர்க்கல). மொடல் 1,300 கிட்ட நின்னுருது. குழாயையும் கொங்கிரீட்டையும் ‘டை’ பண்ணி (பிரியாதபடி ஒட்டி), பாரத்தைப் படிப்படியா கூட்டுறேன். டைலேஷன் கோணம் (நசுங்கும்போது கொங்கிரீட் எவ்வளவு உப்பும்ங்கிற அளவு) 10 பாகை. நேத்து மழைக்குக் கரண்ட் போயி ராத்திரி ரன்னும் வீணாப் போச்சு.

பச்சைமேடு:
மெஷ்ஷை (மொடலைப் பிரிக்கிற கட்டங்களை) இன்னும் சின்னதாக்கிப் பாருங்க.

சரிவுத்தூண்:
25ல இருந்து 10 மி.மீ. ஆக்கிட்டேன். மாற்றமே இல்ல.

கணக்குமேசை:
தங்கச்சி, அந்த 1,300ஐயே பாருங்க. குழாய் தனியா 705, கொங்கிரீட் தனியா 590. கூட்டினா 1,296. குழாய் கொங்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கிற பலன் மொடல்ல வரவேயில்ல.

பொய்சன் விகிதம் (அமுக்கினா பக்கவாட்டுல விரியுற அளவு) உருக்குக்கு 0.3, கொங்கிரீட்டுக்கு 0.2. அதனால தொடக்கத்துல குழாய்தான் கூட விரியப் பார்க்கும். உள்ளே வெடிப்பு விழுந்து கொங்கிரீட் உப்பும்போதுதான் குழாய் அதைப் பிடிக்கும். ‘டை’ போட்டா அதுக்கு முன்னாடியே குழாய் கொங்கிரீட்டை வெளியே இழுக்குது. அதை எடுத்துட்டு கொன்டாக்ட் (தொட்டா அழுத்தும், பிரியவும் விடும்) குடுங்க, உராய்வு 0.6. டைலேஷன் 10 ரொம்பக் குறைவு. இந்த அளவுக்கு 24 பாகை கிட்ட வைங்க. உச்சிக்குப் பிறகு சட்டுனு விழுற சாதா கொங்கிரீட் வளைகோடும் இங்க பொருந்தாது, குழாய்க்குள்ள அது அப்படி விழாது. பாரத்துக்குப் பதிலா மேல்தட்டுக்கு இடப்பெயர்ச்சி குடுங்க. இல்லாட்டி உச்சியோட ரன் நின்னுரும்.

சரிவுத்தூண்:
அண்ணே, 1,590 வந்துருச்சி! ரொம்ப நன்றி. இனி இதே பலத்தைச் சரிவுத் தூணுக்கும் எடுக்கலாமா?

கணக்குமேசை:
கூடவே கூடாது. இறுக்கத்தால வர்ற பலனை ஒப்பு மெலிவு (தூண் எவ்வளவு நெட்டையா, மெலிசா இருக்குங்கிற அளவு) 0.5 வரைக்கும்தான் யூரோகோட் குடுக்குது. இதே குழாய் 4 மீட்டர், ரெண்டு முனையும் பின்னுன்னா (சுழலக்கூடிய மூட்டுன்னா) மெலிவு 0.93. அந்தப் பலன் முழுசாப் போயி, பாரத்துல தூண் பக்கவாட்டுல வளையுற நெளிவையும் சேர்த்தா 920 கிலோநியூட்டன்தான் மிஞ்சும். அந்த மொடல்ல தூணை நேரா நிறுத்தாதீங்க. முதல் நெளிவு வடிவத்தை எடுத்து, நடுவுல நீளத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது 4 மி.மீ. வளைவு குடுத்துட்டு ஓட்டுங்க.