பாடல் இல்லாத படத்தில் இசைக்கு என்ன வேலை?

கடைசிவரிசை (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு பாலு மகேந்திராவின் பாடல்களே இல்லாத 'வீடு' படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பார்த்தேன். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பி நிற்கும் வீட்டைத் தனியாகப் பார்க்க வந்து, சுவரைக் கையால் தடவிப் பார்க்கிற இடத்தில் வயலின்கள் எழுகின்றன. முதல் முறை பார்த்தபோது அங்கே கண் கலங்கியவன் நான். இம்முறை கண் கலங்கவில்லை, மாறாக ஓர் உறுத்தல்தான் ஏற்பட்டது. அந்த முதியவரின் விரல்களும் முகமும் சொல்லாமல் விட்ட எதை இந்த இசை சொல்கிறது? செங்கல்லின் சொரசொரப்பில் உள்ளங்கை உராயும் ஓசையை மட்டும் நம் காதில் விழவிட்டிருந்தால் காட்சி குறைந்து போயிருக்குமா?

இந்த உறுத்தலுக்கு 'கொட்டுக்காளி'யும் ஒரு காரணமாக இருக்கலாம். 2024இல் வெளிவந்த பி. எஸ். வினோத்ராஜின் அந்தப் படத்தில் பாடல்கள் மட்டுமல்ல, பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமலும், கட்டிப்போட்ட சேவலின் சிறகடிப்பும், தொண்டை கட்டிக்கொண்டதால் கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும் நாயகன் பாண்டியின் கரகரத்த குரலும் போதும் என்று இயக்குநர் நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு, மற்றப் படங்களில் இசை நுழையும் ஒவ்வோர் இடத்திலும், "இங்கே நீ வருந்த வேண்டும்" என்று யாரோ என் தோளைத் தட்டுவது போலிருக்கிறது. பாடல்களை விலக்கும் துணிவு இருந்த நம் இயக்குநர்களுக்குப் பின்னணி இசையையும் விலக்கும் துணிவு ஏன் வரவில்லை? அல்லது நான் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனா?

நாடாப்பெட்டி:

குழப்பிக்கொள்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அதுவும் நீங்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டிலேயே அது தெரிகிறது. 'வீடு' 1988இல் வெளிவந்தது. அதில் நாம் கேட்கும் இசை அந்தப் படத்துக்காக எழுதப்பட்டதே அன்று. 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்து ஆளப்பட்டது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின்தான் பிரதானம்.

இதை ஒரு தகவலாக மட்டும் சொல்லவில்லை. வழக்கமாக இசையமைப்பாளர் படத்தைத் திரையிட்டுப் பார்த்து, எந்த நொடியில் கதவு திறக்கிறது, எந்த நொடியில் அவள் திரும்புகிறாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறார். ஆகவே இசை காட்சியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறது. நீங்கள் சொல்லும் தோள் தட்டல் அங்கிருந்து வருவதுதான். 'வீடு' படத்திலோ இசை முன்பே பிறந்து, தன் போக்கில் வளர்ந்து முடிந்துவிட்டது. அதற்குத் தாத்தாவையும் தெரியாது, சுவரையும் தெரியாது. தெருவில் ஒருவர் தம் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போக, அதே நேரத்தில் இந்தப் பக்கம் ஒரு கிழவர் தம் வீட்டைத் தொட்டுப் பார்க்கிறார் என்பது போன்ற ஒரு பக்கவாட்டு உறவு அது. அதனால்தான் அங்கே அழு என்று யாரும் வற்புறுத்துவதாக எனக்குத் தோன்றியதில்லை.

சொந்தக் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். படம் பார்ப்பதற்கு முன்பே அந்த ஒலிநாடாவை வாங்கி, ஓராண்டுக்கு மேல் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டு வந்தவன் நான். பிறகு திரையரங்கில் அந்த வயலின்களைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம். என் இசைக்குள் யாரோ அனுமதி இல்லாமல் வீடு கட்டுகிறார்கள் என்றே தோன்றியது. இன்று அந்த இசையைக் கேட்டால் ஈரச் சிமெண்டின் வாசனை வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒலிமேடை:

ஒலிக்கலவையில் சில ஆண்டுகள் உதவியாளனாக இருந்த அனுபவத்தில் எழுதுகிறேன். துணிவு இல்லை என்று இயக்குநர்களைக் குறை கூறுவதற்கு முன், மௌனம் எவ்வளவு செலவு பிடிக்கும் பொருள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எண்பதுகளில் பெரும்பாலான தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பின்போது பதிவான ஒலி, டப்பிங்குக்கு வழிகாட்டியாக மட்டுமே பயன்பட்டது. நடிகர்கள் பின்னர் ஒலிப்பதிவு அரங்கில் நின்று பேசினார்கள். அப்படிப் பேசும்போது குரல் மட்டும் கிடைக்கும். அந்த இடத்தின் காற்று, தூரத்தில் போகும் பேருந்து, அடுத்த வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் ஆகிய எல்லாம் போய்விடும். அவற்றை ஒவ்வொன்றாக மறுபடியும் உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். அதற்கு நாளும் இல்லை, பணமும் இல்லை என்னும்போது அந்த ஓட்டையை அடைப்பதற்கு எளிதில் கையில் கிடைக்கும் சாந்து, வயலின் கூட்டம்தான். இசை உணர்ச்சிக்காகப் போடப்பட்டது என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். பல இடங்களில் அது வெறும் பூச்சு வேலை. 2004இல் வெளிவந்த 'விருமாண்டி'யைப் போலக் களத்திலேயே நேரடியாக ஒலியைப் பதிவு செய்த படங்கள் வந்த பிறகே, ஒரு கிராமத்துக்கு இவ்வளவு ஓசை உண்டா என்று நம் காதுகள் திரும்பிப் பார்த்தன.

இன்னொன்று, மௌனம் என்பது ஒலியே இல்லாத நிலை அன்று. ஒலித்தடத்தை அப்படியே வெறுமையாக விட்டால், அமைதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்றே எண்ணுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு படத்தில், கணவன் வெளியேறிய பிறகு மனைவி தனியே அமர்ந்திருக்கும் காட்சிக்கு மின்விசிறியின் மெல்லிய கிறீச்சொலியை மட்டும் ஏறத்தாழ நாற்பது நொடிக்கு வைத்திருந்தோம். அந்தக் கிறீச்சொலிக்காக மூன்று மின்விசிறிகளைப் பதிவு செய்தோம் என்றால் சிரிப்பீர்கள். படம் வெளிவந்த முதல் நாள் சிறுநகரத் திரையரங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நொடியில் ஒருவர் விசிலடித்தார், இருபதாவது நொடியில் அரங்கமே ஆபரேட்டர் அறையை நோக்கி "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தியது. அவரும் பதறிப்போய் ஒலியைக் கூட்டிவிட்டார். அடுத்த காட்சியில் பால்காரர் மணியடித்தபோது முன்வரிசைக் குழந்தை வீறிட்டு அழுதது. அரங்கின் மின்விசிறிகள் எங்கள் மின்விசிறியைவிட உரக்கச் சுற்றிக்கொண்டிருந்தன என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன்.

பனங்கிழங்கு:

ஒரு சிறு சேர்க்கை மட்டும். மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்திலும் பாடல்கள் கிடையாது. ஆனால் பெயர் ஓடும்போது இளையராஜாவின் பணியை 'பின்னணி இசை' என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டிருப்பார்கள். 'கொட்டுக்காளி'க்கு நேர் எதிர்த் திசையில் நிற்கும் படம் அது. எனக்கு இரண்டும் பிடித்திருக்கின்றன. ஆகையால் கேள்வி எழுப்பிய நண்பரின் சந்தேகத்தைத் தீர்த்து வைக்க என்னால் ஆகாது.

திண்ணைவாசி:

இளைய நண்பர்களின் உரையாடலை ஆர்வத்துடன் படித்தேன். எல்லோருமே பாடலின்மையை ஒரு முன்னேற்றமாக எண்ணிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. 1931இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியபோதே பாடவும் தொடங்கிவிட்டது. நாடக மேடையிலிருந்து வந்த நம் சினிமாவுக்குப் பாட்டு என்பது கதையில் ஒட்டவைத்த அலங்காரம் அன்று, கதை சொல்லும் முறைகளுள் ஒன்று. ஐந்து ஆண்டுகளை ஐந்து நிமிடத்தில் கடத்தவும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பாத்திரத்துக்கு வேறொரு குரலைக் கடனாகக் கொடுக்கவும் பாட்டைவிடச் சிக்கனமான கருவி இன்றுவரை கிடைக்கவில்லை. பாலு மகேந்திராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வீடு' படத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் 'மூன்றாம் பிறை'யில் கண்ணதாசனின் கடைசித் திரைப்பாடலைத் தாலாட்டாக ஆண்டவர் அவர். இரண்டு படங்களில் எது உயர்ந்தது என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்பது என் ஊகம்.

பாடல் இல்லாத தமிழ்ப் படம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது 1954இல் ஏவி. எம். தயாரித்த 'அந்த நாள்'. அதை ஒருவரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், சிவாஜி கணேசன் வானொலிப் பொறியாளர், பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. இயக்கியவர் யார் தெரியுமா? வீணை எஸ். பாலசந்தர்! இசை தெரியாதவர் பாட்டை விலக்கினால் அது இயலாமையாக இருக்கலாம். வீணை வித்வான் விலக்கினால், அந்தக் கதைக்கு அது வேண்டாம் என்று அறிந்து விலக்கியதாகத்தான் பொருள். துப்பறியும் கதையில் ஒருவன் நின்று பாடினால் சந்தேகம் ஆறிப்போய்விடும் அல்லவா? ஆகவே துணிவு இருக்கிறதா என்பதைவிட, இந்தக் கதை எதைக் கேட்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'கொட்டுக்காளி'யில் இசையே இல்லை என்கிறீர்கள். வழியில் ஒரு சடங்கு வீட்டு ஒலிபெருக்கியில் பழைய பாட்டு ஒன்று கேட்கிறது, ஆட்டோவில் இருக்கும் நாயகி மீனா அதை மெல்ல முணுமுணுக்கிறாள், அவளை மணக்கவிருக்கும் பாண்டிக்கு வெறி பிடித்துவிடுகிறது. அதுவரை வாயே திறக்காமல் வந்தவள் அவள். படம் முழுக்க இசையை அடக்கி வைத்ததனால்தான் அந்த இரண்டு வரி முணுமுணுப்பு அவ்வளவு பெரிய குற்றமாகக் கேட்கிறது. அங்கே ஒரு சினிமாப் பாட்டு செய்யும் வேலையை வேறு எதனாலும் செய்ய முடியாது.

கடைசிவரிசை:

அனைவருக்கும் நன்றி. 'ஹௌ டு நேம் இட்' முன்பே வெளிவந்த தொகுப்பு என்பது எனக்குப் புதிய செய்தி, அது என் கேள்வியின் பாதியைக் கரைத்துவிட்டது. அந்த முணுமுணுப்பை நான் மறந்தே போயிருந்தேன், ஐயா. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். இருந்தாலும் செங்கல்லின் ஓசை எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது, அதில் மாற்றமில்லை.

நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். தாத்தா சுவரைத் தடவும் காட்சியை முதலில் ஒலியுடன் ஓடவிட்டு, பாதியில் ஒலியை முழுவதுமாக நிறுத்தினேன். அவருடைய கைகளை இன்னும் உற்றுப் பார்த்தேன் என்பது உண்மை. அதற்குள் சமையலறையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா, "ஏன்டா, நல்லாப் போயிட்டிருந்த பாட்டை நிறுத்திட்ட?" என்று குரல் கொடுத்தார். இந்தப் படத்தில் பாட்டே கிடையாது அம்மா என்றேன். அவர் நம்பவில்லை.