லைப்சிக் பாக் விழாவில் முதன்முறை கேட்பவர் எங்கே உட்கார வேண்டும்?

தூரதேசி எழுதியது:

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் பெயரில் ஆண்டுதோறும் ஜூனில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடைபெறும் பாக் விழாவுக்கு இம்முறை மூன்று நாள்கள் ஒதுக்கியிருக்கிறேன். கர்நாடகக் கச்சேரிகளில் பழகிய காது என்னுடையது. பாக்கின் படைப்புகளை ஒலிப்பதிவில் நெடுநாளாகக் கேட்டு வந்தாலும், சேர்ந்திசைக் குழு எதையும் நேரில் கேட்டதில்லை. நிறைவு நாளில் தோமா தேவாலயத்தில் பாடப்படும் பி மைனர் மாஸுக்கு (திருப்பலி வழிபாட்டு வரிகளுக்குப் பாக் அமைத்த நீண்ட சேர்ந்திசைப் படைப்பு) நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டேன். மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்த பிறகுதான், அது பாடகர்கள் கண்ணுக்குத் தெரியாத இருக்கை என்று அதில் அச்சிட்டிருப்பதைக் கவனித்தேன். விற்றுவிட்டு வேறு வாங்குவதா? மற்ற இரு நாள்களுக்கும் கெவாண்ட்ஹவுஸ் போன்ற பெரிய அரங்கம் ஏற்றதா, சிறிய அறையிசை நிகழ்ச்சிகளா? இன்னொரு குழப்பமும் உண்டு. என்னிடமுள்ள பழைய ஒலிப்பதிவில் பெருங்கூட்டமாகப் பாடும் இதே மாஸை அண்மையில் கேட்ட ஒன்றில் பத்துப் பேரே பாடுகிறார்கள். பாக் மனத்தில் வைத்திருந்தது எது?

மேல்மாடம் எழுதியது:

விற்க வேண்டாம். இருமுறை அந்த விழாவுக்குச் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தேவாலயத்தில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மேற்குப் பக்கத்து ஆர்கன் மாடத்தில் நிற்பதால், நடுக்கூடத்தில் நல்ல விலை கொடுத்து உட்காருபவர்களில் பெரும்பாலோரும் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடிதான் கேட்கிறார்கள். முதல் பத்து நிமிடங்களுக்குப் பலர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதன்பின் எல்லாரும் அடங்கி, எதிரே பலிபீடத்தின் முன்னால் தரையில் பதித்திருக்கும் பாக்கின் கல்லறைப் பலகையைப் பார்த்தவாறு அமர்ந்துவிடுவார்கள். அவருடைய எச்சங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அங்கே கொண்டுவரப்பட்டன. குரல் தலைக்குப் பின்னாலிருந்தும் மேலிருந்தும் இறங்கி வருவது முதலில் விசித்திரமாக இருந்தாலும், பாக்கின் காலத்திலும் அங்கே இசை மாடத்திலிருந்துதான் ஒலித்தது.

மற்ற நாள்களில் ஒரு கான்டாட்டாவையாவது (பாடகர்களுக்கும் வாத்தியங்களுக்குமான குறும்படைப்பு) தேவாலயத்தில் கேளுங்கள். 1723 முதல் இறக்கும் வரை அந்நகரின் தேவாலய இசைப் பொறுப்பில் இருந்த பாக், முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ வாரம் ஒன்றாக இவற்றை எழுதிக் குவித்தார்; இன்று எஞ்சியவை சுமார் 200. ஒவ்வொன்றும் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். 1212இல் தொடங்கிய தோமா சிறுவர் பாடகர் குழு வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் பாடுவது வழக்கம். சனிக்கிழமையில் பெரும்பாலும் கான்டாட்டா இருக்கும், கட்டணமும் மிகக் குறைவு. மாலுமிச் சட்டை அணிந்த பொடியன்கள் வரிசையாக மாடமேறுவதே ஒரு காட்சி. பாடல் வரிகளை முன்கூட்டியே மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுச் செல்லுங்கள். பாக்கின் காலத்துச் சபையினரும் அச்சிட்ட வரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

செல்லோக்காரன் எழுதியது:

பாடகர் எண்ணிக்கைக்கு வருகிறேன். 1730 ஆகஸ்டில் நகர மன்றத்துக்கு எழுதிய மனுவில், ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது 12 பாடகர்கள் வேண்டும், 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது என்று பாக்கே கேட்கிறார். யாராவது நோயில் படுத்தாலும் இரட்டைக் குழுப் பாடலைப் பாட ஆளிருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். இந்தப் பன்னிருவரும் ஒன்றாகப் பாடினார்களா, அன்றன்றைக்குத் தேர்ந்தெடுப்பதற்கான இருப்பா என்பதில்தான் சண்டை. ஒரு குரல்வரிசைக்கு (ஒரே நேரத்தில் தனித்தனி மெட்டில் ஒலிக்கும் குரல்களில் ஒன்று) ஒருவரே பாடினார் என்று இசையறிஞரும் நடத்துநருமான ஜோஷுவா ரிஃப்கின் 1981இல் வாதிட்டது முதல் இசையறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். உங்கள் பழைய ஒலிப்பதிவின் பெருங்கூட்டமோ, இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1829இல் பெர்லினில் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்னும் பெரும்படைப்பை மீட்டெடுத்த காலத்துப் பழக்கத்தின் வழி வந்தது.

என் கட்சி சிறு குழுதான். சுருதியையும் கவனியுங்கள்: பழைய வாத்தியங்களை வாசிக்கும் குழுக்கள் வழக்கமான 440க்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸில் சேர்ப்பார்கள், நம் கணக்கில் அரைக்கட்டை குறைவு. விலங்குக் குடலால் செய்த தந்திகள் ஜூன் மாதப் புழுக்கத்தில் சுருதி மாறிவிடுவதால் இரண்டு பகுதிகளுக்கு நடுவே மறுபடி சுருதி சேர்க்கும்போது பொறுமை காக்க வேண்டும்.

அறையிசைக்குப் பாக் அருங்காட்சியகத்தின் கோடைக்கூடத்தைப் பாருங்கள். தேவாலயத்துக்கு எதிரிலேயே, பாக்கின் நண்பரான வணிகர் போஸேயின் வீட்டில் இருக்கிறது. ஹார்ப்சிகார்டின் விசை எழும்பி விழும் 'டக்' என்னும் ஓசைகூட அங்கே காதில் விழும். அவ்வளவு மெல்லிய வாத்தியத்தைப் பேரரங்கில் கேட்பது பணத்துக்குக் கேடு.

மேல்மாடம் எழுதியது:

சிறு குழு கான்டாட்டாவுக்குச் சரி. ஆனால் மாஸின் தொடக்கத்தில் ஐந்து குரல்வரிசைகளும் ஒன்றாக எழும் அந்த முதல் நான்கு தாளக்கட்டங்களுக்கும், ஆறு வரிசையில் விரியும் சாங்டுஸ் என்னும் பகுதிக்கும் ஐந்தாறு பேர் போதாது என்பது என் கருத்து. சாங்டுஸில் அடிக்குரல் எட்டெட்டுச் சுரமாகப் படியிறங்கும்போது மரப் பலகை இருக்கையே லேசாக அதிரும்.

தூரதேசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பேரரங்க நிகழ்ச்சியை விட்டுவிட்டு, சனி பிற்பகல் தேவாலயத்துக்கும் ஞாயிறு முற்பகல் கோடைக்கூடத்துக்கும் செல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். மாஸுக்கான சீட்டை வைத்துக்கொள்கிறேன். கழுத்தைத் திருப்ப மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.