பென்ட்ரிக்கு கிரனைட்டா, கொங்கிரீட் தட்டு போட்டு டைல்ஸா?

இஸ்தோப்பு:
வணக்கம். கொட்டகலைப் பக்கம் 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த வீடு, 550 சதுர அடி. பின்னால் குசினியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருக்கிறேன். பென்ட்ரி, அதாவது சமையல் மேடை, ஒரு பக்கம் 9 அடி, மூலையில் திரும்பி இன்னொரு 5 அடி. மேலே கருப்பு கிரனைட் போட ஆசை. அம்மாவோ, "கல்லு எதுக்கு, கொங்கிரீட் போட்டு டைல்ஸ ஒட்டிட்டுப் போ" என்கிறார். கீழே தாங்க அலுமினியச் சட்டமா செங்கல் காலா என்றும் முடிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேசன் மகன்:
அம்மா சொல்வதைக் கேளுங்க. எங்க அப்பா காலத்திலிருந்து தோட்டத்து வீடுகளில் 3 அங்குலத் தட்டு, உள்ளே கம்பி, மேலே டைல்ஸ். ஒரு டைல் உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கிரனைட்டில் விரிசல் விட்டால் முழுத் துண்டும் போச்சு. அதோடு அவ்வளவு பாரத்தை மண் நிரப்பிய இடத்தில் ஏற்றுவானேன்? பின்னால் இழுத்துக் கட்டியது என்றால் பாதி நிரப்பு மண்ணாகத்தான் இருக்கும்.

நானுஓயா:
அண்ணே, பாரத்தைப் பற்றிப் பேசினால் கணக்குப் பார்த்துப் பேசணும். 20 மில்லிமீட்டர் கிரனைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. 9 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் 90 கிலோ. அதே அளவுக்கு 3 அங்குலக் கொங்கிரீட் தட்டு 300 கிலோ வரும், டைல்ஸ், சாந்து சேராமல். மண் இறங்கும் என்று பயந்தால் முதலில் விட வேண்டியது உங்க தட்டைத்தான்.

டைல்ஸ் இடுக்கைச் சொல்லவே இல்லையே? வைகாசி, ஆனியில் நம்ம பக்கம் மழை பிடித்தால் துணியே காயாது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் இறங்கிய இடுக்கு கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பல்துலக்கியோடு மல்லுக்கட்டப் போவது உங்க அம்மாதான்.

மேசன் மகன்:
சரி, பாரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் தட்டு தானே நிற்கும், கல் நிற்காது. அலுமினியச் சட்டம் கொஞ்சம் வளைந்தாலும் 20 மில்லிமீட்டர் கல் தாங்காது. நான் பார்த்த உடைந்த கல்லெல்லாம் ஒரே இடத்தில்தான் உடைந்திருக்கிறது: சிங்குக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு விரல் அகலப் பட்டை. தூக்கி வரும்போதே கண்ணுக்குத் தெரியாமல் கீறியிருக்கும், ஒரு வருஷம் கழித்து வாய் திறக்கும்.

கல்பட்டறை:
நான் கண்டியில் கல் வெட்டும் வேலை. மேசன் மகன் அண்ணன் சொன்ன பட்டை விஷயம் முழு உண்மை. ஆனால் அது கல்லின் குற்றமில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் லொறியில் கல் பலகையைப் படுக்க வைத்து ஏற்றுகிறார்கள். கல்லை விளிம்பில் நிறுத்தித்தான் கொண்டு போகணும், தோட்டத்துப் படியில் இறக்கும்போதும் நிறுத்தித்தான். சிங்க் ஓட்டையின் மூலையைக் கூர்மையாக வெட்டாமல் வளைத்து வெட்டணும். கூர் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். செங்கல் கால் வைத்தால் இடைவெளி 2 அடிக்கு மேல் போகக்கூடாது, சிங்குக்கு இரு பக்கமும் கட்டாயம் கால் வேண்டும்.

இன்னொன்று. கருப்பு என்று விற்பதெல்லாம் கருப்பு இல்லை. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியும் வருகிறது. வெள்ளைத் துணியில் பெயின்ட் தின்னர் நனைத்து அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் வாங்காதீர்கள். பொன்னிறப் புள்ளி மின்னும் 'பிளாக் கேலக்ஸி' ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வருவது. கல்லியல்படி அது கிரனைட்டே இல்லை, கப்ரோ என்ற வேறொரு பாறை வகை. அதனால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, நல்ல கல்தான்.

ஊவா அக்கா:
ஆம்பிளைங்க எல்லாம் பாரத்தையும் பட்டையையும் பேசுறீங்க, உயரத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 36 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடுவார்கள். தம்பி, அம்மாவை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்க. அதற்கு ஒரு நாலு அங்குலம் கீழே கல்லின் மேல்பக்கம் வரணும். எங்க வீட்டில் அப்படி அளந்தபோது 33தான் வந்தது. ரொட்டிக்கு மாவு பிசைகிற கைக்குத்தான் அந்த 3 அங்குலத்தின் அருமை தெரியும்.

வெள்ளை மார்பிள் அழகாயிருக்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள், மயங்காதீங்க. மார்பிள் சுண்ணாம்புச் சத்து, புளிப்புப் பட்டால் கரையும். தேசிக்காய், கொறுக்காய்ப்புளி, தக்காளி எது சிந்தினாலும் மினுக்கம் போய்த் தழும்பு நிற்கும். கிரனைட்டிலும் வெளிர் நிறங்கள் எண்ணெய் குடிக்கும். கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் பொறுத்துத் துடைத்துப் பாருங்க. நனைந்த நிறம் தங்கினால், கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூசாமல் ஆகாது.

இஸ்தோப்பு:
குவார்ட்ஸ் நல்லது, கறையே பிடிக்காது என்று கடையில் சொன்னார்களே?

நானுஓயா:
கறை பிடிக்காது, உண்மைதான். ஆனால் அது கல்தூளைப் பிசினில் ஒட்டிச் செய்த பலகை. ரொட்டிக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்தால் பிசின் கருகித் தடம் விழும். கிரனைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, இருந்தாலும் அதிலும் அடியில் ஒரு மனைப்பலகை வைப்பது நல்லது.

கல்பட்டறை:
தூசியையும் சொல்லியாகணும். குவார்ட்ஸ் பலகையில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். அதை உலர்வாக வெட்டும் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், குணமாக்க முடியாத நுரையீரல் வியாதி. இதனால்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டது. கிரனைட்டில் சிலிக்கா குறைவு, இல்லாமல் இல்லை. வீட்டுக்குள் வைத்து உலர்வாக வெட்ட வந்தால் வெளியே அனுப்புங்கள். தண்ணீர் விட்டு வெட்டணும், வெட்டுபவர் முகத்தில் துணியைக் கட்டினால் போதாது, தூசி மாஸ்க் வேண்டும். எங்கள் தொழிலில் இருமிக்கொண்டே வேலை பார்க்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மேசன் மகன்:
இவ்வளவு வில்லங்கம் டைல்ஸில் உண்டா? காசும் பாதிதான்.

நானுஓயா:
டைல் வெட்டினால் மட்டும் பன்னீரா தெளிக்குது? அதுவும் சிலிக்காத் தூசிதான். காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. காசு இடிக்குது என்றால் சிங்க் வரும் பக்கத்துக்கு மட்டும் கல், மற்றதுக்கு டைல்ஸ் என்று பிரித்துப் போடலாம்.

மேசன் மகன்:
இரண்டுக்கும் தடிப்பு வேறு, மட்டம் ஒட்டாது. பாதிப் பாதி வேலை நான் செய்ய மாட்டேன்.

இஸ்தோப்பு:
செங்கல் கால், 33 அங்குலம், முழுக்கக் கருப்புக் கல் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தாச்சு. உயரத்தைச் சொன்னதும்தான் இறங்கி வந்தார். அளவெடுக்க இப்போதே ஆளை வரச் சொல்லலாமா? சுவர் இன்னும் பூசவில்லை.

கல்பட்டறை:
வேண்டாம். பூச்சு முடியட்டும், கால்களைக் கட்டி மட்டம் பாருங்கள். நம்ம மூலைகள் எதுவும் நேர்மூலையாக இருக்காது. ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்துக் குறுக்கே அளந்தால் 5 அடி வரணும். வராவிட்டால் அட்டையில் மாதிரி வெட்டி எடுத்துத்தான் கல்லில் கை வைக்கணும். சுவரோடு இறுக்கிச் சிமெந்து அடைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சிலிக்கன் பசை போடுங்கள், நிரப்பு மண் அசைந்தாலும் கல்லை இழுக்காது.

மேசன் மகன்:
கல்தான் என்று முடிவெடுத்தாச்சு, நான் என்ன சொல்ல. ஆனால் சிங்க் எந்தப் பக்கம் வருது, ஒரு தொட்டியா இரட்டைத் தொட்டியா என்று தம்பி இதுவரை சொல்லவே இல்லையே. முதலில் சிங்கை வாங்கி வீட்டில் வையுங்க. கடைத் தாளில் இருக்கிற அளவை நம்பி ஓட்டை வெட்டக் கொடுத்துடாதீங்க.