புது வீட்டுக்கு டக்ட் ஏசியா, அறைக்கு ஒரு ஸ்பிளிட்டா?

வைகைக்கரை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை ஐயர் பங்களா பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே ஹால், அடுப்படி, அப்பா அம்மாவுக்கு ஓர் அறை. மேலே இரண்டு படுக்கையறை. மேல் தளம் கான்கிரீட் போட்டாயிற்று, செங்கல் கட்டு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் பூச்சு வேலை ஆரம்பம்.

இன்டீரியர் செய்பவர் வீடு முழுக்க டக்ட் ஏசி போடலாம் என்கிறார். 5.5 டன் மெஷின் ஒன்று, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் என்ற பெரிய காற்றுக் குழாய், ஒவ்வோர் அறையிலும் காற்று வர ஒரு கிரில். சுவரில் வெள்ளைப் பெட்டி எதுவும் தெரியாது, ஓட்டல் மாதிரி இருக்கும் என்று படமெல்லாம் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் சீலிங் 10 அடி. டக்டையும் மறைத்தால் எட்டரை அடிக்கு வந்துவிடும் என்று மேஸ்திரி சொல்கிறார்.

இன்னொரு விஷயம். என் மனைவி நர்ஸ், மாதத்தில் பாதி நைட் டூட்டி. காலையில் வந்து, சித்திரை வெயிலில் மத்தியானம் முழுக்க மேல் அறையில் தூங்க வேண்டும். அப்பாவுக்கு 72 வயது, குளிர் ஆகாது. ஃபேனையே இரண்டில்தான் வைப்பார். ஆளுக்கொரு தேவை இருக்கும் வீட்டுக்கு எது சரிப்படும்? பூச்சு வேலைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

தாம்பரம் ஏசி மெக்கானிக்:

தம்பி, நான் டக்ட் வேலையும் பார்த்தவன், ஸ்பிளிட் வேலையும் பார்ப்பவன். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, ஆபீஸ் என்றால் நானே டக்டைத்தான் சொல்வேன். அங்கே ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். வீடு அப்படியில்லை. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வீட்டம்மா மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரே ஓர் அறையில் தூங்குகிறார். அந்த ஓர் அறைக்காக 5.5 டன் மெஷினை ஓட்டினால், அது இழுக்கும் கரண்ட் சுமார் 6 கிலோவாட். அதே அறையில் 1 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் இருந்தால், முழு வேகத்தில் ஓடும்போதுகூட ஏறத்தாழ 1 கிலோவாட்தான். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டக்டில் காற்றை மறிக்கும் மோட்டார் வைத்த தட்டு (டேம்பர்) போட்டு அறை அறையாக மூடித் திறக்கலாமே என்று உங்கள் இன்டீரியர்காரர் சொல்வார். போடலாம். அதற்குத் தனிச் செலவு, தனி ரிப்பேர். நாலு அறையை மூடி ஓர் அறைக்கு மட்டும் காற்றை விட்டால், வேகம் குறையாத மெஷின் அந்த ஓர் அறைக்குள் காற்றைத் திணிக்கும். கிரில்லில் விசில் சத்தம் வரும், மெஷினுக்குள் குளிரும் காயிலில் ஐஸ் கட்டும். பார்த்திருக்கிறேன்.

மின்வாரியக் கணக்கையும் யோசியுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைகிறது. ஆள் இல்லாத அறைகளைக் குளிரவைத்து அந்தக் கோட்டைத் தாண்டுவது வீண்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய காரணம் சுத்தம். ஸ்பிளிட்டில் மூடியைத் தூக்கினால் ஃபில்டர் கையில் வந்துவிடும். குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்டிவிடலாம், பத்தாவது படிக்கும் பிள்ளை செய்யும் வேலை. டக்டின் உள்ளே யார் பார்க்கிறார்கள்? பழைய வீடொன்றில் டக்டைப் பிரித்தபோது உள்பக்கம் கன்னங்கரேலென்று ஈரத் தூசி படிந்திருந்தது. ஒரு வளைவில் இன்சுலேஷன் ஊறிப் போய், தொட்டால் பிசுபிசுவென்று கையோடு வந்தது. பல்லி எலும்புகூடக் கிடந்தது. அந்த வழியாக வந்த காற்றைத்தான் அந்த வீட்டுக் குழந்தைகள் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. அடுப்படியில் மிளகாய் வறுத்தால் நெடி மெஷினுக்குத் திரும்பும் காற்றோடு எல்லா அறைக்கும் போகும் என்பது வேறு.

அப்புறம், ஒரு மெஷின் நின்றால் வீடே நிற்கும். மே மாதம் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு (பி.சி.பி.) போனால் வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தனித்தனி ஸ்பிளிட் என்றால் ஒன்று போனாலும் அடுத்த அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஸ்பிளிட் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பான். டக்ட் மெஷினுக்கு ஆள் தேட வேண்டும்.

அப்பா அறைக்கும் இதுதான் நல்லது. அவர் ரிமோட் அவர் கையில். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ரூம் ஏசி எல்லாமே 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அவர் 27 வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று ஸ்டார் லேபிள் தரும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. இன்டோர் யூனிட்டை மட்டும், காற்று நேராகக் கட்டிலில் விழாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். வயசானவர்களுக்குக் கழுத்திலும் முட்டியிலும் காற்று அடித்தால் வலிக்கிறது என்பார்கள்.

சரி, ஸ்பிளிட்டில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையேதான் சுற்றும். காலையில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சுவரில் பெட்டி தெரியும், அதை மாற்ற முடியாது. வெளியே ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும்.

ஸ்கார்பரோவாசி:

டொரொன்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் டக்ட்தான், ஆனால் அது ஏசிக்காக வந்ததில்லை. குளிர்காலத்தில் கேஸ் ஃபர்னஸின் சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோக, வீடு கட்டும்போதே போட்டது. கோடையில் அதே டக்ட் வழியாகக் குளிர்ந்த காற்று வருகிறது. சூடாக்கும் தேவையே இல்லாத மதுரையில் எதற்காக இதைப் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டக்ட் இருந்தும் எங்களுக்கு நிம்மதி இல்லை. தெர்மோஸ்டாட் ஒன்றுதான், நடுத்தளத்தில். ஜூலையில் மேல்மாடியில் வேர்க்கும், பேஸ்மென்டில் அம்மா கம்பளி போர்த்திக்கொண்டு இருப்பார். டக்டில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஓட்டை, இடுக்கு, சரியாகச் சேராத மூட்டு வழியாக வீணாகிறது என்று அமெரிக்க அரசின் மின்சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டாரே சாதாரண வீடுகளைப் பற்றிச் சொல்கிறது. கடைசியில் மேல்மாடிப் பெரிய அறைக்கு மட்டும் டக்ட் இல்லாத ஹீட் பம்ப் ஒன்று சுவரில் மாட்டினோம். உங்கள் ஊர் ஸ்பிளிட் மாதிரியேதான், குளிர்காலத்தில் சூடும் தரும். சுவரில் ஒரு துளை போட்டார்கள், அன்று மாலையே ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. மகள் இப்போது அந்த அறையை விட்டுக் கீழே வருவதில்லை.

கொட்டிவாக்கம்:

மெக்கானிக் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களுக்குக் கடல் கிட்டே. உப்புக்காற்றில் அவுட்டோர் யூனிட்டின் தகடும் பிராக்கெட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. மதுரைக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் தூசி உண்டு. அவுட்டோரையும் வருஷா வருஷம் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். பலர் உள்ளே உள்ளதை மட்டும் சர்வீஸ் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

என் கருத்து கொஞ்சம் வேறு. ஹால் பெரிதாக இருந்தால், அங்கே மட்டும் சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏசி போடலாம். அதுவும் டக்ட் இல்லாததுதானே? நாலு பக்கமும் காற்று வரும், சுவரும் காலியாக இருக்கும். சாமி படங்கள் மாட்ட எங்களுக்கு அந்தச் சுவர் தேவைப்பட்டது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து இதை அப்படியே படித்துக் காட்டினேன். டக்ட் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மனைவிக்குத்தான் ரொம்பச் சந்தோஷம். அண்ணே, இன்னும் சில கேள்விகள். ஒரே அவுட்டோரில் மூன்று இன்டோர் ஓடும் மெஷின் இருக்கிறதாமே, அது பரவாயில்லையா? மேல் அறைக்கு 1 டன் போதுமா? 12க்கு 14 அடி, மேலே மொட்டை மாடிதான். பூச்சு வேலைக்கு முன்னால் நான் என்ன செய்து வைக்க வேண்டும்? ஹாலுக்கு இந்த வருஷம் ஏசி வாங்கப் பணம் இல்லை.

தாம்பரம் ஏசி மெக்கானிக்:

மல்டி ஸ்பிளிட் வேண்டாம் தம்பி. வெளியே இடமே இல்லாத ஃபிளாட்டுக்கு அது சரி. அவுட்டோர் ஒன்று போனால் மூன்று அறையும் போய்விடும், நாம் தப்பிக்க நினைத்த தொல்லை அப்படியே திரும்பி வரும்.

மேல் அறைக்கு, வெயில் தளத்தில் நேராக விழுந்தால் ஒன்றரை டன் வேண்டும். ஆனால் முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். வெள்ளை நிறக் கூல் ரூஃப் டைல்ஸ் பதித்தால் தளம் சூட்டை வாங்குவதே குறையும். மதுரை வெயிலில் கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் கீழே இறக்கும், அதோடு ஏசி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவை முதலில் செய்யுங்கள். அப்பா அறைக்கு மேலே மாடி அறை இருப்பதால் அதற்கு 1 டன் தாராளம்.

பூச்சு வேலைக்கு முன்னால், ஏசி தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பை முடியுங்கள். இன்டோரிலிருந்து வெளியே போகும் வரை சரிவு ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் எங்கேயும் தொங்கக் கூடாது. சுவரை மூடுமுன் ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றி, மறுமுனையில் முழுக்க வருகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். ஊற்றியதில் பாதிதான் வந்தால் எங்கோ தேங்குகிறது. அது பிறகு உங்கள் பெயின்டில் மஞ்சள் கறையாக வரும். அதிகம் வரும் புகார் இதுதான், ஏசி கம்பெனி மேல் தப்பே இருக்காது. டிரெயினைச் சாக்கடைப் பைப்போடு நேராகச் சேர்க்காதீர்கள், நாற்றம் அறைக்குள் ஏறும்.

ஒவ்வொரு ஏசிக்கும் மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் ஸ்விட்ச்). இன்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் காப்பர் பைப் முடிந்தவரை சின்னதாக இருக்கட்டும், அதாவது அவுட்டோர் அந்த அறைக்குப் பக்கத்திலேயே. இரண்டு சுவருக்கு இடையிலான சந்தில் அவுட்டோரை வைக்காதீர்கள். விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும்.

மாடி அவுட்டோருக்குப் பக்கத்தில் ஆள் நிற்க ஒரு ஸ்லாப், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெறும் சன் ஷேடில் ஒரு காலும் ஜன்னல் கம்பியில் ஒரு கையுமாகத் தொங்கி வேலை செய்து, விழுந்து இடுப்பு ஒடிந்த பையன்களை எனக்குத் தெரியும். கட்டும்போது அந்த ஸ்லாப் போடுவது உங்களுக்கு ஒரு செலவே இல்லை.

மாட்டும் அன்றைக்கு வீட்டில் இருங்கள். பைப்பைச் சேர்த்ததும் வேக்குயூம் பம்ப் வைத்துக் குறைந்தது இருபது நிமிஷமாவது காற்றை உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் சிலர் பம்பே கொண்டுவராமல், கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். உள்ளே ஈரம் நின்றால் கம்ப்ரஸருக்குக் கேடு. இப்போது வரும் பெரும்பாலான மெஷின்களில் ஆர்32 கேஸ், அது தீப்பற்றக்கூடியது. அப்படித் திறந்துவிடுவது ஆபத்தும்கூட. பம்ப் எங்கே என்று நீங்கள் கேட்டாலே போதும்.

ஹாலுக்குக் கேசட் என்றால் ஃபால்ஸ் சீலிங் வேண்டும். சாதாரண ஹால் என்றால் சுவர் ஸ்பிளிட்டே போதும் என்பேன், அது உங்கள் விருப்பம். பணம் பிறகு வரட்டும், சுவர் ஸ்பிளிட்தான் என்று முடிவானால் டிரெயினையும் ஒயரையும் இப்போதே சுவருக்குள் விட்டுவிடுங்கள். காப்பரையும் புதைப்பதானால் இரண்டு முனையையும் நசுக்கி, சூடாக்கி உலோகப் பற்று (பிரேஸிங்) வைத்து மூடச் சொல்லுங்கள், வெறும் டேப் போதாது. சிமென்ட் தூசி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் புது மெஷின் கெட்டுப்போகும். எந்த இடத்தில் பைப் போகிறது என்று டேப் வைத்து அளவு தெரிய போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்கு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.