ஒரே பதவியில் இரண்டு பேர்: ரோமில் இது எப்படி ஓடியது?

ஆந்தைக்கண்:
ரோமக் குடியரசில் வருடாவருடம் இரண்டு கான்சல்கள் (ஆட்சிக்கும் படைக்கும் தலைவர்கள்), இருவருக்கும் சம அதிகாரம், ஒருவர் போடும் உத்தரவை மற்றவர் தடுக்கலாம் என்று படித்தேன். அப்படியென்றால் தினமும் சண்டைதானே? இதை எப்படி நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டினார்கள்? இப்போதும் எங்காவது இப்படி உண்டா?

வரலாற்றுப்பித்தன்:
தடுக்கட்டும் என்றுதானே இரண்டு பேரை வைத்தார்கள். ராஜாவைத் துரத்திவிட்டு (மரபுக் கணக்கில் கி.மு. 509) அதே அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுத்தால் அவர் அடுத்த ராஜா ஆகிவிடுவார் என்ற பயம். நகரத்துக்குள் மாதம் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள், பதவியும் ஒரு வருடம்தான், அதனால் பெரும்பாலும் சமாளித்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே போர்க்களத்துக்குப் போனால்தான் வம்பு. கி.மு. 216இல் தென் இத்தாலியின் கன்னேயில் வாரோவும் பவுலஸும் நாளுக்கு ஒருவராகத் தலைமை தாங்கினார்கள், வாரோவின் முறை வந்த நாளில் ரோமின் எதிரியான கார்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் மாட்டிப் படையே அழிந்தது என்பார்கள். ஆனால் இதை எழுதிய பொலிபியஸ், பவுலஸின் பேரனுக்கு நெருங்கிய நண்பர். பழி முழுக்க வாரோ தலையில் விழுந்ததில் எனக்குச் சந்தேகம்தான்.

தேநீர்ப்பிரியை:
கன்னேயை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கி.மு. 207இல் கான்சல்களாக இருந்த நீரோவுக்கும் (பேரரசர் நீரோ இல்லை, அவர் ரொம்பப் பிந்தியவர்) லிவியஸுக்கும் ஆகவே ஆகாது. அப்படியும் தெற்கே ஹன்னிபாலுக்கு எதிரே நின்ற நீரோ, அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் படையைப் பிரித்துக்கொண்டு வடக்கே விரைந்து லிவியஸோடு சேர்ந்தார். மெட்டாரஸ் ஆற்றருகே ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபால் கதை முடிந்தது.

முறை உண்மையிலேயே பல்லிளித்தது கி.மு. 59இல். சீசரின் நிலச் சட்டத்தைத் தடுக்கப் போன சக கான்சல் பிபுலஸை மன்றத்தில் அடித்து விரட்டினார்கள். அப்புறம் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சகுனம் சரியில்லை (அப்படியென்றால் சட்டம் போடக் கூடாது) என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார். ‘ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருக்கும் வருடம்’ என்று ஊரே கிண்டலடித்தது.

ஆந்தைக்கண்:
அப்போ அந்த வருடம் போட்ட சட்டமெல்லாம் செல்லுமா?

வரலாற்றுப்பித்தன்:
செல்லாது என்று எதிரிகள் பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதவியை விட்டு இறங்கினால் வழக்கு வரும் என்று சீசர் பயந்ததும் பின்னால் உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணம் என்பார்கள்.

இன்றைக்கு வேண்டுமானால் இத்தாலிக்கு நடுவே இருக்கும் குட்டி நாடான சான் மரீனோவைப் பாருங்கள். நாட்டுத் தலைவர்களாக இரண்டு கேப்டன் ரீஜண்ட்கள், ஆறு மாதம்தான் பதவி, ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் புது ஜோடி வரும். 1243இலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. இறங்கியதும் அவர்கள் மேல் குடிமக்கள் புகார் கொடுக்கலாம், விசாரணை உண்டு. சண்டை போட நேரமும் இல்லை, பெரிய அதிகாரமும் இல்லை.